சிலையோட காலடியில தூங்குறவன்

நான் இப்பச் சொல்லப்போறது அம்புட்டும் சத்தியம். சந்தேகம் இருக்கிறவங்க கிட்ட வந்து தொட்டுப் பாத்துக்கங்க, என்கிட்ட பொய்யின்னு இருக்கிறது மூஞ்சியில அப்பியிருக்கிற ரோஸ் பவுடர் ஒண்ணுதான், மத்ததெல்லாம் ரத்தம், சதை, வயித்தெரிச்சல். ஆனா சத்தம் போட்டுச் சொல்ல முடியாது, மனசுக்குள்ளதான் சொல்லணும், ஏன்னா நான் இப்பத் தூங்கிக்கிட்டு இருக்கேன். பாண்டிச்சேரில கடலுக்குப் பக்கத்துல ஏசி போட்ட பெரிய ஹால்ல, மேடைக்கு நடுவுல, ஊரே டிக்கெட் வாங்கிப் பாக்கப் பாக்க, மல்லாக்கப் படுத்துத் தூங்குறேன். அதுதான் எனக்குக் குடுத்த வேலை. பேரு வெள்ளைக்கண்ணு. ஆலங்குடிப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்துல பபூன் வெள்ளைக்கண்ணுன்னா பாலுக்கு அழுகுற புள்ளையும் சிரிச்சிரும். இங்க வேலைக்காரன் வேசம். என் தலைமாட்டுல ஒரு பீடம், பீடத்து மேல ஒரு வெள்ளைச் சிலை. அந்தச் சிலை என் பொண்டாட்டி சொர்ணவல்லி. அந்தச் சிலைக்கு முன்னால மண்டி போட்டு, அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணை மூடிக் கேட்டா பொம்பளை பாடுதுன்னு சத்தியம் பண்ணுவீங்க, அப்படி ஒரு குரல்ல ஒருத்தன் புலம்பிக்கிட்டு இருக்கான். அவன் இளவரசன். பேரு கிளாட்வின் மச்சாடோ. பேருலயே பாதி மச்சான் உக்காந்திருக்கான் பாத்தீங்களா, அங்கருந்தே எனக்கு ஆகல. என் மூஞ்சி மேல மெல்லிசா ஒரு துண்டு கெடக்குது, அது வழியா எல்லாம் தெரியுது. அவன் கை தெரியுது. அவ கை தெரியுது. அவன் கட்டைவிரல் அவ மணிக்கட்டுல எந்த இடத்துல இருக்குன்னும் தெரியுது, நேத்து இருந்த இடத்துல இல்ல, ஒரு நூலளவு மேல ஏறியிருக்கு, ஏறியிருக்கா, இல்ல லைட்டு அப்படிக் காட்டுதா, காதோரம் ஒரு வேர்வை இறங்குது, துடைக்க முடியாது, தூங்குறவன் எப்படிய்யா துடைப்பான்.

இந்த நாடகத்துக்குப் பேரு ஓபரா. இத்தாலிக்காரன் நானூறு வருசத்துக்கு முன்னாடி எந்த ராசா கல்யாணத்துக்கோ எழுதுனதாம். நடத்துறது பிரிஜித் மதாம், நம்ம பாண்டிச்சேரித் தமிழம்மாதான், அவங்கப்பா பிரான்சு பட்டாளத்துல இருந்து பென்சன் வாங்குனவரு, அந்தம்மா தமிழ் பேசுனா நடுவுல வெண்ணெய் தடவுன மாதிரி இருக்கும். கதை ஒண்ணும் பெரிய கதை இல்ல. ஆடு மேய்க்கிற பொண்ணு மேல ஒரு சாமிக்கு ஆசை, அவ இளவரசனைப் பிடிச்சிருக்குன்னுட்டா, சாமிக்குப் பொறாமை, பொண்ணைக் கல்லாக்கிருச்சு. இளவரசன் வந்து கல்லைக் கட்டிக்கிட்டு அழுவான். மேலருந்து மேகம் இறங்கும், மரப்பலகையில பஞ்சு ஒட்டி, உருளையில கயிறு போட்டு, நாலு பேரு இழுக்கிற மேகம். மேகத்துல உக்காந்து சாமி மனசு மாறும், கல்லு பொண்ணாகும், பொண்ணு ஆடும். அவ்வளவுதான். எனக்கு அந்தச் சாமி மேலதான் மரியாதை. மத்தவனுங்க பொறாமைப்பட்டா புறணி பேசுவானுங்க, சாமி நேரா வேலையில இறங்கிருச்சு. முழுசா ஆடுனா நாலு மணி நேரமாம், இப்ப உள்ள சனம் செல்லை எடுத்துரும்னு மதாம் ஒண்ணரை மணி நேரத்துக்கு வெட்டுச்சு. சாமிக்கு ரெண்டு பாட்டு போச்சு, இளவரசனோட அப்பன் ராசாவுக்கு ஒரு பாட்டு போச்சு, ஆட்டுக்காரங்க கூட்டமே போச்சு. இவன் புலம்பல்ல மட்டும் ஒரு வரிகூடக் கொறைக்கல. ஏன் மதாம்னு கேட்டேன். "வெள்ளைக்கண்ணு, நீங்க சிரிக்க வெச்சு இவங்களை உள்ளாரக் கூட்டியாறீங்க. கிளாட்வின் அழ வெக்கிறார். நீங்க கூட்டியாரலைன்னா அழ ஆள் கிடையாது" அப்டின்னுச்சு. அப்ப நான் மாட்டை ஓட்டிட்டு வர்றவன், பால் கறக்கிறது அவன். நடுநடுவுல நான் எந்திரிச்சு முன்னால போயி ஜனங்ககிட்ட தமிழ்ல கதையை எடுத்துச் சொல்லணும், நக்கல் அடிக்கணும், எந்த ஊருல எப்படி வேணா அடிச்சுக்கன்னு விட்டுருச்சு. "ஆனா புலம்பல் வந்தா படுத்துருங்க. தூங்குங்க. வாயைத் திறக்கக் கூடாது. இருமல் கூடாது. ப்ராமிஸ்?" ப்ராமிசுதான். இந்தா படுத்திருக்கேன். பபூனை வாடகைக்குப் பிடிச்சு வாயைக் கட்டிப்போட்ட ஒரே கம்பெனி இந்த ஒலகத்துல இதுவாத்தான் இருக்கும்.

அவன் ஏறுறான் இப்ப, மேல, இன்னும் மேல. பாட்டும் இல்லாம வசனமும் இல்லாம ஒரு தினுசு, பேசுற மாதிரி ஆரம்பிச்சு இழுத்துக்கிட்டே போறான், நம்ம நாடகத்து விருத்தம் மாதிரி, எவனோ ஒரு வெள்ளைக்காரன் கப்பல்ல வந்து கேட்டுட்டுப் போயிருப்பான். கூட ஒருத்தன் வாசிக்கிறான் பாருங்க, வீணையைக் கொடியில காயப்போட்டுக் கழுத்து நீண்டுபோன மாதிரி ஒரு வாத்தியம், இன்னொண்ணு ஆர்மோனியம் மாதிரி கட்டை இருக்கு, சத்தம் என்னமோ தாம்பாளத்துல ஆணியைக் கொட்டுன மாதிரி வருது. எல்லாரும் இவன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு வாசிக்கிறானுங்க, இவன் இழுத்தா இழுக்கிறானுங்க, இவன் நின்னா நிக்கிறானுங்க. எனக்கு ஆர்மோனியம் வாசிச்ச ஒருத்தனாச்சும் இப்படிப் பாத்திருப்பானா, வெத்திலை போடுறதுலதான் கண்ணா இருப்பானுங்க. தூத்துக்குடிக்காரன் இந்த மச்சாடோ, மாதா கோயில்ல பாடிப் பழகி வெளிநாடு போயிப் படிச்சவன். முத நாளு வந்து, "அண்ணாச்சி, நல்லாருக்கீயளா, ஒங்க காமெடியெல்லாம் போன்ல பாத்திருக்கேன்"ன்னான். அந்தக் குரலு பேசும்போது கரகரன்னு சாதாரணமாத்தான் இருக்கு. "பேசுறது அப்பன் குரலு, பாடுறது ஆத்தா குரலா தம்பி, வூட்டுல யாருக்கும் சண்டை வராது"ன்னேன். எல்லாரும் சிரிச்சானுங்க. அவனும் சிரிச்சான். மனசாரச் சிரிச்சான். அதான் எனக்குப் பிடிக்கல. கோவப்பட்டிருந்தா ஒரு வழியா சிநேகிதம் ஆயிருக்கும். பாடுறதுக்கு முன்னாடி பாட்டில்ல தண்ணி வெச்சு அதுல குழாயைப் போட்டுக் குளுகுளுன்னு ஊதுறான், தொண்டைக்கு நல்லதாம். பால் குடிக்கிற புள்ளை மாதிரி. நான் சிரிச்சேன். நாலு நாள் கழிச்சு லாட்ஜ் பாத்ரூம்ல குளுகுளுன்னு சத்தம். கதவைத் தள்ளிப் பாத்தா சொர்ணம் பக்கெட்டுல குழாயைப் போட்டு ஊதிக்கிட்டு இருக்கா. என்னடி இதுங்கிறேன். "சும்மாய்யா, மூச்சுக்கு நல்லா இருக்குது"ங்கிறா. சிலைக்கு எதுக்குய்யா மூச்சு?

அக்கா. அக்கான்னுதான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தான். அக்கா தண்ணி வேணுமா, அக்கா ஒங்களுக்குக் கால் வலிக்கலையா, அக்கா இன்னைக்கு மீன் நல்லாருக்கு சாப்பிட்டுப் பாருங்க. நேத்து கேன்டீன்ல, "தண்ணி வேணுமா"ன்னு மட்டும் கேட்டான். அக்கா வரல. நான் பக்கத்துலதான் இருந்தேன், என் காது செவிடு இல்ல. வாயில மிட்டாய் இருந்துச்சு அவனுக்கு, தொண்டை மிட்டாய், அதனால விட்டுருக்கலாம். மிட்டாயை வெச்சுக்கிட்டு தண்ணின்னு சொல்ல முடிஞ்சவனுக்கு அக்கான்னு சொல்ல முடியாதா. தண்ணிதான் கஷ்டமான வார்த்தை. அக்கா ஈசி. ஆவ்னு வாயைத் தொறந்தா பாதி வந்துரும். அப்ப விடணும்னு விட்டிருக்கான். இல்ல மறந்திருக்கான். மறந்தா அது இன்னும் மோசம், மறக்கிற அளவுக்கு ஆயிப்போச்சுன்னு அர்த்தம். சரி அதை விடு. விட்டேன். விடலை. ஒத்திகை நடந்த முத வாரம் இதே பாட்டு, இதே இடம், நான் இப்படியே படுத்திருக்கேன், என் நெத்தியில பொட்டுன்னு ஒரு சொட்டு. ஏசி ஒழுகுதுன்னு நெனச்சேன். துண்டை விலக்கிப் பாத்தா சிலை அழுகுது. வெள்ளைப் பெயிண்டுல ஒரு கோடு, கண்ணுலருந்து தாடை வரைக்கும். மதாம் ஓடி வந்து ஆகா ஆகான்னுச்சு, இது அப்படியே இருக்கட்டும்னுச்சு. என் பொண்டாட்டி அழுது நான் பாத்ததில்ல. மேடையிலயும் இல்ல, வூட்டுலயும் இல்ல. அவ அழ வரும்போதே நான் ஏதாச்சும் சொல்லிப்புடுவேன், சிரிச்சிருவா. அதைப் பெரிய வித்தைன்னு நெனச்சு மாருதட்டிக்கிட்டு இருந்தேன். இவன் எங்கருந்தோ வந்து, அர்த்தம் புரியாத பாஷையில, ஒரு பாட்டுல.

அவ அசையல. இப்பக்கூட அசையல பாருங்க. தூக்கத்துலயே காலை ஆட்டுறவய்யா அவ, பஸ்ஸுல உக்காந்தா முன்சீட்டைத் தட்டித் தாளம் போடுவா, அவ அப்பன் திட்டுவான், இது கால் இல்ல தையல் மிசினுன்னு. நான் அவளை முதமுதல்ல பாத்தது மணப்பாறைக்குப் பக்கத்துல ஒரு திருவிழா மேடையில. ஸ்பெஷல் நாடகம்னா அப்படித்தான், ராஜபார்ட் ஒரு ஊரு, ஸ்திரீபார்ட் ஒரு ஊரு, பபூன் ஒரு ஊரு, டான்ஸு ஒரு ஊரு, தனித்தனியா அட்வான்ஸ் வாங்கிக்கிட்டு வந்து மேடையிலதான் ஒருத்தரை ஒருத்தரு பாக்குறது. ஒத்திகையும் கெடையாது ஒண்ணும் கெடையாது. குதிச்சுக்கிட்டு வந்தா. "யாரும்மா நீயி, ஆம்பளை நிக்கிற இடத்துக்குக் கேக்காமக் கொள்ளாம வர்றே?"ன்னேன். நின்னு, இந்தப் பக்கம் பாத்தா, அந்தப் பக்கம் பாத்தா, எட்டி ஆர்மோனியத்துக்குப் பின்னாடி பாத்தா. "ஆம்பளையா? எங்கண்ணே?"ன்னா. பந்தலே பிச்சுக்கிருச்சு. அந்த நிமிசமே மனசுல தாலி கட்டிட்டேன். எங்க மேடையில அது ஒரு சட்டம், யாரும் எழுதி வெக்கல, ஆனா சட்டம். எதிர்ல நிக்கிறவன் கேள்வி கேட்டுட்டா பதில் சொல்லியே ஆகணும். பேச்சு வராம நின்னா தோத்துட்டான்னு அர்த்தம். அதனால ஒரு கேள்வியும் தரையில விழ விடமாட்டோம், விழுகுறதுக்கு முன்னாடி எவனாச்சும் பிடிச்சுருவான், அது அவன்கிட்ட கேட்டதா இல்லையான்னு பாக்கமாட்டான். இங்க என்னடான்னா இந்தப் பாட்டுக்கு நடுவுல ஒரு இடம் வருது, இவன் சிலையைப் பாத்து ஒரு கேள்வி கேட்டுட்டு வாயை மூடிருவான். வாத்தியம் நின்னுரும். எல்லாம் நின்னுரும். மதாம் அந்த இடத்தைப் பத்திப் பேசும்போது கண்ணை மூடிக்கும். "அந்த மௌனந்தான் வெள்ளைக்கண்ணு இந்த ஓபரா. மத்ததெல்லாம் அதுக்கு வழி." இத்தனை நாளும் அந்த மௌனத்துல நான் நாக்கைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன். உள்ளார ரத்தம் வர்ற மாதிரி இருக்கும். ஒரு கேள்வி அந்தரத்துல தொங்குது, பபூன் கீழ படுத்திருக்கான், பிடிக்கக் கூடாதாம். இன்னைக்குக் கடைசி ஆட்டம். இன்னைக்குப் பிடிக்கப் போறேன். காலையிலயே வார்த்தை ரெடி பண்ணிட்டேன், பல்லு விளக்கும்போது வந்துச்சு. அவன் கேட்டுட்டு நிறுத்துவான்ல, துண்டை விலக்காம, கண்ணைத் தொறக்காம, தூக்கத்துல ஒளர்ற மாதிரி: "குரலு வந்துருச்சு தம்பி, ஆம்பளை எப்ப வர்றாரு?" ஹால் வெடிக்கும். இத்தாலிக்காரன் நானூறு வருசம் கட்டி வெச்ச அழுகை புஸ்ஸுன்னு போயிரும். அதுக்கப்பறம் இவன் மூஞ்சியப் பாத்தா சொர்ணத்துக்கு இந்தச் சிரிப்புதான் ஞாபகம் வரணும், ஊரு ஊரா, மேடை மேடையா.

ஊரு ஊராத்தான். பூனா, பம்பாய், டெல்லி, அப்பறம் ப்ளேன் ஏறி இத்தாலி. ஆறு மாசம். கம்பெனி நாளைக்குக் கிளம்புது, சொர்ணத்தைக் கூப்பிடுறாங்க, இன்னைக்கு ஆட்டம் முடிஞ்சதும் மதாமுக்குப் பதில் சொல்லணும். என்னைக் கூப்பிடல. "அங்கங்க அந்த ஊர் பாஷையில பேசுற காமெடியன்தான் வேணும் வெள்ளைக்கண்ணு, கோவிச்சுக்காதீங்க. சிலைக்குப் பாஷை கிடையாது." அது என்னமோ நெசந்தான். என் வாய் ஆலங்குடியிலருந்து பாண்டிச்சேரி வரைக்குந்தான் செல்லும், திண்டிவனம் தாண்டுனா அங்கயே கொஞ்சம் சந்தேகம். முந்தாநாளு சாயங்காலம் லாட்ஜுல, நான் கட்டில்ல ஒக்காந்து பரோட்டாப் பொட்டலத்தைப் பிரிக்கிறேன், அவ ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டு, "போகட்டுமாய்யா?"ன்னா. "கடைக்கா? வரும்போது சால்னா இன்னொரு பாக்கெட் வாங்கியா"ன்னேன். சிரிக்கல. "வெளயாடாத. போகட்டுமா?" "எதுல போறே, மேகத்துலயா? கயிறு இத்துப்போயிருக்கு, பாத்து." அவ வந்து எதிர்ல ஒக்காந்தா. "ஒன்கூட இருந்தா வயிறு வலிக்கிற வரைக்கும் சிரிக்கலாம்யா. அழணும்னா எங்க போறது?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரேசன் கடைக்கு. அங்கதான் எல்லாரும் அழுகுறாங்க." சொன்ன உடனே எனக்கே நல்லா இருந்துச்சு, இதை மேடையில வெச்சுக்கலாம்னு தோணுச்சு. அவ பரோட்டாவைப் பிச்சு என் பக்கம் தள்ளி வெச்சுட்டுத் திரும்பிப் படுத்துட்டா. அதுக்கப்பறம் கேக்கல. கேள்வியைப் பிடிச்சேனா, பிடிச்சேன், ரெண்டு தடவையும் பிடிச்சேன், கை தட்டத்தான் ஆள் இல்ல. இன்னைக்குச் சாயங்காலம் மேக்கப் ரூம்ல பாத்தேன், கால்ல மெட்டி இல்ல. சிலைக்கு மெட்டி கூடாதுன்னு மதாம் கழட்டச் சொல்லும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கழட்டி என் சட்டைப் பையிலதான் போடுவா. இன்னைக்குப் போடல. பையைத் தடவிப் பாத்தேன், பீடிக்கட்டு இருக்குது, மெட்டி இல்ல. மெட்டி எங்கடின்னு கேக்க வாயெடுத்தேன், மதாம் அவளைக் கூட்டிக்கிட்டுப் போயிருச்சு. பெட்டியில வெச்சிருப்பா. எந்தப் பெட்டியில? கட்டி வெச்ச பெட்டியிலயா?

வருது. அந்த இடம் வருது. அவன் கீழ இறங்கிட்டான், சத்தம் சின்னதாயிருச்சு, முன்வரிசையில ஒரு அம்மா மூக்கை உறிஞ்சுது. செல்லு வெளிச்சம் ஒண்ணுகூட இல்ல. சனியன் பிடிச்ச பய எப்படிய்யா பண்றான் இதை. என் சிரிப்புக்குக்கூட அங்க ஒண்ணு இங்க ஒண்ணு செல்லு மினுங்கிக்கிட்டே இருக்கும். பின்னால தொங்குற துணியில அவன் பாட்டுக்கு அர்த்தம் தமிழ்ல வரும், ஹால்ல இருக்கிறவங்க படிக்கிறதுக்கு. நான் இத்தனை நாளும் படிச்சதில்ல. மூணாங்கிளாஸோட விட்டவன், நான் ஒரு வரி படிக்கிறதுக்குள்ள அது அடுத்த வரிக்குப் போயிரும், எதுக்கு வம்புன்னு பாக்கமாட்டேன். இன்னைக்குப் பாக்குறேன், நேரம் பாத்து அடிக்கணுமே. அவன் கேட்டுட்டான். நிறுத்திட்டான். ஆணிச் சத்தம் நின்னுருச்சு. கழுத்து நீண்ட வாத்தியக்காரன் கம்பி மேல கையை வெச்சு அமுக்கிட்டான். துணியில எழுத்து அப்படியே நிக்குது, போகல, இந்த ஒரு இடத்துலதான் எனக்காகவே நிக்குது. போ. க. புள்ளி வெச்ச ட், டு, மா. போகட்டுமா. வார்த்தை ரெடியா நாக்கு நுனியில ஒக்காந்திருக்கு, குரலு வந்துருச்சு தம்பி, துண்டு மூச்சுக்கு ஏறி ஏறி இறங்குது, அடி, இப்ப அடி, ஒரு நிமிசம் போனா போச்சு, எழுத்து நிக்குது, போகட்டுமா, அவ ஜன்னல்கிட்ட நிக்கிறா, அவ பீடத்து மேல நிக்கிறா, பரோட்டா வாசம் வருது இந்த ஹால்ல, நான் வாயைத் தொறந்தேன்.

"போகாதடி."

என் குரலா அது. எனக்கே தெரியல. ரோஸ் பவுடர் போட்ட ஒருத்தன் பேசுன மாதிரி இல்ல, எங்கயோ தண்ணிக்கு அடியிலருந்து வந்துச்சு. ஒரு ஆளு சிரிக்கல. இத்தனை வருசத்துல நான் மேடையில வாயைத் தொறந்து ஒரு ஆளு சிரிக்காதது இதுதான் முத தடவை. முன்வரிசை அம்மா மூக்கு உறிஞ்சுறதைக்கூட நிறுத்திருச்சு. தொலைஞ்சேன். மதாம் சைடுல தலையில கையை வெச்சிருக்கும். மச்சாடோ ஒடனே பாடிருந்தா மறைஞ்சிருக்கும், பாடல. காத்துக்கிட்டு இருக்கான். சிலையைப் பாக்குறான், கீழ என்னைப் பாக்குறான், அவ கையை மெல்ல விட்டுட்டு ஒரு அடி பின்னால நகந்துக்கிறான், வழி விடுற மாதிரி. பெரிய மனுசனாம். அதுக்கும் சேத்து எனக்கு எரிஞ்சுது, நல்லவனா இருந்து தொலைக்கிறானே, ஒரு கெட்டவன்கிட்ட தோத்தாலும் ஊருல சொல்லிக்கலாம். அப்பறந்தான் அந்தக் கம்பி வாத்தியம் ஒண்ணு ரெண்டா எடுத்துக் குடுத்துச்சு, அவன் திரும்பப் பாட ஆரம்பிச்சான், முன்னைவிட மெதுவா. அந்தச் சத்தத்துக்கு அடியில எனக்கு இன்னொரு சத்தம் கேட்டுச்சு. மேடையில உதடு அசையாமப் பேசுறது எங்க தொழில்ல எல்லாருக்கும் வரும், சொர்ணம் அதுல கில்லாடி.

"இதைச் சொல்ல ஒனக்கு இம்புட்டுப் பெரிய ஹால் தேவைப்பட்டுச்சாய்யா?"

நான் தூங்குறேன்.

"நான் போறேன். அது முந்தாநாளே முடிவு பண்ணிட்டேன்." பாட்டு ஏறுது, அவ மூச்சு விடுறது கேக்குது. "திரும்பி வரணுமா வேணாமாங்கிறதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."

உருளை கிறீச்சுன்னுச்சு. மேகம் இறங்குது. நாலு பேரு இழுக்கிறானுங்க, ஆடிக்கிட்டு வருது, சாமி கம்பியைப் பிடிச்சுக்கிட்டு இருக்காரு.

"வந்துருவேன்"ன்னா.

அவ்வளவுதான், கல்லு பொண்ணாயிருச்சு. பீடத்துலருந்து குதிக்கிறா, என் காதுக்குப் பக்கத்துல கால் வெச்சுத் தாண்டிப் போறா, அவன் கையைப் பிடிக்கிறா, ஆடுறா. நான் பாக்கல, கண்ணை இறுக்க மூடிட்டேன், தூங்கச் சொன்னா தூங்குறவன் நான். காலு சத்தம் மட்டும் கேக்குது, ரெண்டு பேரு காலும், எது அவ காலுன்னு தனியாத் தெரியுது, எது அவன் காலுன்னும் தெரியுது, ஒரு இடத்துல ரெண்டும் ஒண்ணாக் கேக்குது, அது ஆட்டத்துல உள்ளதுதான், ஆட்டத்துல உள்ளதுதானே? ஆறு மாசம் தினம் ஆடுவாங்க இதை. வந்துருவேன்னு சொல்லிருக்கா. சொன்னா செய்வா. ஜனங்க தட்டுறாங்க கையை, எழுந்து நின்னு தட்டுறாங்க, யாருக்குத் தட்டுறாங்கன்னு கண்ணை மூடிக்கிட்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது. ஐயாமாரே, அம்மாமாரே, ஒருத்தன் பொண்டாட்டி கதையை இம்புட்டு நேரம் ஓசியில காது குளிரக் கேட்டீங்க, சும்மா எந்திரிச்சுப் போயிடலாம்னு பாக்காதீங்க. போறதுக்கு டிக்கெட்டு கம்பெனி போட்டுருச்சு. இத்தாலியிலருந்து திரும்பி வர்ற டிக்கெட்டை நீங்க எல்லாரும் சேந்து போடுங்க. ஒரே ஒரு ஆளுக்குப் போட்டாப் போதும், பக்கத்துச் சீட்டு காலியா வரணும், அதுக்கும் சேத்தே காசை எடுங்க.